வேலைச் சந்தையும் பாடமாகட்டும்

அரசு கலைக் கல்லூரியில் இளங்கலைச் சமூகவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர், காலை முதல் பாடவேளையில் சாதி, வர்க்கம், பாலினம் மூன்றும் ஒரு மனிதரின் வாழ்க்கை வாய்ப்புகளை எப்படி வகுக்கின்றன என்று படிக்கிறார். மதிய உணவுக்குப் பிறகு அதே பெஞ்சில் உட்கார்ந்து ‘திறன் மேம்பாட்டு’ வகுப்பைக் கேட்கிறார். வெளியிலிருந்து வந்திருக்கும் பயிற்சியாளர், வேலை கிடைப்பதும் கிடைக்காததும் உங்கள் கையில்தான் இருக்கிறது, மனப்பான்மையை மாற்றிக்கொள்ளுங்கள், ஆங்கிலத்தில் பேசிப் பழகுங்கள் என்கிறார். காலையில் படித்ததை வைத்து மதியம் ஒரு கேள்வி கேட்கலாம் என்று அந்த மாணவிக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. மதியம் கேட்டதைக் காலை வகுப்பில் எடுத்துப் பேச நேரம் இருப்பதில்லை. ஒன்று செமஸ்டர் தேர்வுக்கு, மற்றொன்று பிழைப்புக்கு என்று பிரித்துக்கொள்வதிலேயே மூன்று ஆண்டுகள் முடிந்துவிடுகின்றன.

இந்த இரண்டு வகுப்புகளும் ஒன்றாக வேண்டும் என்பதே என் வாதம். பொருளியல், சமூகவியல், வரலாறு, அரசியல் அறிவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு வேலை குறித்த வழிகாட்டல் தனியே வெளியிலிருந்து வரத் தேவையில்லை. அவர்கள் படிக்கும் பாடமே வேலையை ஆராயும் பாடம். அந்தக் கருவியை அவர்கள் தங்கள் எதிர்காலத்தின் மீதே திருப்பிப் பார்க்கக் கற்றுத்தர வேண்டும்.

இது ஒரு சிறு பகுதி மாணவர்களின் பிரச்சினை அல்ல. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2021-22 உயர் கல்விக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் இளங்கலை படிப்போரில் 34.2 சதவீதத்தினர் கலைப் பாடங்களில் இருக்கிறார்கள். பொறியியலில் இருப்போர் 11.8 சதவீதம் மட்டுமே. ஆனால் ‘கேம்பஸ் இன்டர்வியூ’ என்றதும் நம் மனதில் எழும் காட்சி முழுக்கப் பொறியியல் கல்லூரிக்குரியது. தமிழ்நாட்டின் உயர் கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதத்தை எட்டியதைப் பெருமையாகச் சொல்கிறோம், பெருமைப்பட வேண்டியதுதான். அந்த உயரத்துக்கு மாநிலத்தைத் தூக்கியவர்களில் பலர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த கலைக் கல்லூரிப் பிள்ளைகள். பட்டம் வாங்கிய பிறகு என்ன என்ற கேள்விக்கு அவர்கள் வீட்டில் பதில் சொல்ல ஆள் கிடையாது. கல்லூரிதான் சொல்ல வேண்டும்.

அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959-ல் வெளியிட்ட நூலில் வேலையின்மையை வைத்தே தன் துறையின் அடிப்படையை விளக்கினார். ஒரு லட்சம் பேர் வாழும் நகரத்தில் ஒருவருக்கு மட்டும் வேலை இல்லை என்றால், அவருடைய குணத்தையும் திறமையையும் பார்க்கலாம். ஐந்து கோடிப் பேர் வேலை செய்யும் நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலை இல்லை என்றால், தனி மனிதர்களின் குணத்தில் விடை தேடுவது வீண்; அது சமூகத்தின் அமைப்பு சார்ந்த பிரச்சினை. சமூகவியல் முதலாண்டு மாணவர் எவரும் இதைப் படிக்காமல் தாண்டுவதில்லை.

இப்போது நம் நிலவரத்தைப் பாருங்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் இணைந்து 2024-ல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை, 2022-ல் பட்டதாரி இளைஞர்களிடையே வேலையின்மை 29.1 சதவீதம் என்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே அது 3.4 சதவீதம். படிக்காதவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று இதற்குப் பொருள் அல்ல. சும்மா இருக்க அவர்களுக்கு வசதியில்லை, கிடைத்த கூலிக்குப் போகிறார்கள். படித்தவர்களோ படிப்புக்கேற்ற வேலை வரும் என்று காத்திருக்கிறார்கள். வேலையில் இருக்கும் அல்லது வேலை தேடும் பட்டதாரி இளைஞர்கள் பத்துப் பேரில் ஏறக்குறைய மூன்று பேருக்கு வேலை இல்லாத நாட்டில், அந்த மூன்று பேரிடமும் போய் நிமிர்ந்து உட்காரச் சொல்வது போதுமான பதிலாகாது.

வேலைத் தகுதி பற்றிப் புழங்கும் எண்களையும் மாணவர்கள் கேள்வி கேட்டுப் பழக வேண்டும். 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை, நம் இளைஞர்களில் 51.25 சதவீதத்தினரே வேலைக்குத் தகுதியானவர்கள் என்று ஒரு மதிப்பீட்டைச் சொன்னது. பாதிப் பேர் தகுதியற்றவர்கள் என்று மறுநாளே மேடைகளில் பேச்சு கிளம்பிவிட்டது. தகுதி என்பதை யார் அளந்தார்கள், எந்தத் தேர்வை வைத்து, எந்த மொழியில், யாரிடம் அளந்தார்கள்? அந்தத் தேர்வை எழுதாதவர்கள் யார்? தகுதியுள்ளவர்கள் என்று சொல்லப்பட்ட மீதிப் பாதிப் பேருக்காவது வேலை இருந்ததா? ஆராய்ச்சி முறையியல் தாளில் ‘மாதிரி’, ‘அளவீடு’ என்ற இரண்டு அத்தியாயங்களைப் படித்த மாணவர் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. தன்னையே தகுதியற்றவர் என்று சொல்லும் ஓர் எண்ணின் மீது இந்தக் கேள்விகளைத் தொடுக்கும்போதுதான் அந்தத் தாள் அவருக்கு உயிர் பெறும்.

திறன் பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தொலைபேசியில் ஆங்கிலத்தில் ஒருவர் பேசினால் பதில் சொல்லத் தெரியாமல் இணைப்பைத் துண்டித்துவிடும் பிள்ளைகளை எந்தக் கலைக் கல்லூரி ஆசிரியரும் பார்த்திருப்பார். எக்செல் தெரியாமல் இன்று எந்த அலுவலகத்திலும் காலம் தள்ள முடியாது. 2022 மார்ச் 1-ல் தொடங்கப்பட்ட ‘நான் முதல்வன்’ திட்டம் இந்தக் குறையைப் போக்க அரசு எடுத்த பெரிய முயற்சி; குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகும் ஆயிரம் பேருக்கு மாதம் 7,500 ரூபாய் கொடுப்பது, வீட்டில் கேட்டு வாங்க முடியாத பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த வீடுகளுக்குத் தெரியும். என் குறை வேறு. எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக வடிவமைக்கப்பட்ட பயிற்சி, வரலாறு படித்தவருக்கும் பொருளியல் படித்தவருக்கும் அவர்கள் படித்த பாடத்தால் ஒரு பலம் இருக்கிறது என்பதைச் சொல்வதே இல்லை. மூன்று வருடம் படித்ததை வாசலில் விட்டுவிட்டு வா என்பதுபோல் அது தொடங்குகிறது.

படிப்புக்கும் வேலைக்கும் என்ன உறவு என்பதிலேயே அறிஞர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. படிப்பு மனிதரின் உற்பத்தித் திறனைக் கூட்டுகிறது, அதற்கேற்ப ஊதியம் கூடுகிறது என்றார் கேரி பெக்கர், 1964-ல் வெளியான மனித மூலதனம் பற்றிய நூலில். 1973-ல் மைக்கேல் ஸ்பென்ஸ் வேறொன்றைக் காட்டினார். பட்டம் என்பது, முன்பின் தெரியாத விண்ணப்பதாரரைப் பற்றி முதலாளிக்குக் கிடைக்கும் ஓர் அடையாளக் குறி. அந்தப் படிப்பு திறனைக் கூட்டாவிட்டாலும் அந்தக் குறி வேலை செய்யும். இதற்காக அவருக்கு 2001-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பொருளியல் மாணவருக்கு இது பதினைந்து மதிப்பெண் கேள்வி. ஆனால் சான்றிதழ் வகுப்புக்கு எட்டாயிரம் ரூபாய் கட்டலாமா என்று அவரே யோசிக்கும்போது, இது திறனைத் தருமா, குறியை மட்டும் தருமா, அந்தக் குறியை எந்த நிறுவனமாவது மதிக்கிறதா என்று கேட்டுப்பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது.

சங்கடமான விஷயத்துக்கு வருகிறேன். சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் செய்து 2007-ல் வெளியிட்ட ஆய்வில், செய்தித்தாளில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே அளவு தகுதி கொண்ட விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. பெயர்கள் மட்டும் வேறு: ஒன்று உயர் சாதி இந்துப் பெயர், ஒன்று தலித் பெயர், ஒன்று முஸ்லிம் பெயர். அடுத்த கட்டத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர் சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்காகவும் முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்காகவும் இருந்தது. அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வுக்காகச் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் பெரிய நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களைச் சந்தித்துப் பேசினார்கள். சாதி பார்ப்பதில்லை, தகுதிதான் முக்கியம் என்று சொன்ன அதே மேலாளர்கள், நேர்காணலில் குடும்பப் பின்னணியைத் தவறாமல் கேட்பதையும் சொன்னார்கள். அப்பா என்ன செய்கிறார், எந்த ஊர், உடன்பிறந்தவர்கள் என்ன படித்திருக்கிறார்கள் என்ற கேள்விகள் நம் ஊர் ‘ஹெச்.ஆர். ரவுண்டு’க்கும் புதியவை அல்ல.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சோர்ந்துபோக மாட்டார்களா என்று அக்கறையோடு கேட்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால் பாகுபாடு என்பது அந்தப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டிய செய்தி அல்ல. அவர்கள் வளர்ந்த தெருவே சொல்லியிருக்கிறது. நாம் வாயைத் திறக்காமல் இருந்தால் நடப்பது ஒன்றுதான். நான்கு நேர்காணல்களில் ஒதுக்கப்பட்ட பிறகு, என்னிடம்தான் ஏதோ குறை என்று அந்த இளைஞர் முடிவுகட்டிக்கொள்கிறார். பயிற்சியாளர் சொன்னதும் அதுதானே. குறை எங்கே தன்னிடம் இருக்கிறது, எங்கே எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் இருக்கிறது என்று பிரித்தறியத் தெரிந்தவர், முதலாவதைச் சரிசெய்துகொள்வார், இரண்டாவதற்காகத் தன்னை வெறுக்க மாட்டார். எனக்குத் தெரிந்து தன்னம்பிக்கைக்கு இதைவிட உறுதியான அடித்தளம் இல்லை.

இந்த இடத்தில் டிஎன்பிஎஸ்சி பற்றிப் பேசியாக வேண்டும். கலைக் கல்லூரி மாணவரிடம் அடுத்து என்ன என்று கேட்டால் வரும் முதல் பதில் ‘குரூப் ஃபோர்’. 2022 ஜூலை 24-ல் நடந்த குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் 22 லட்சத்துக்கும் மேல். முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. பிறகு இடங்கள் கூட்டப்பட்ட போதும் ஓர் இடத்துக்கு 200 பேருக்குக் குறையவில்லை. பத்தாம் வகுப்பு தகுதிக்கான இந்தத் தேர்வை முதுகலை முடித்தவர்களும் எழுதுகிறார்கள். வேலைகள் பெருகாமல் பட்டங்கள் மட்டும் பெருகும் நாடுகளில் ஒவ்வொரு வேலைக்கும் தேவைப்படும் படிப்பு ஏறிக்கொண்டே போகும் என்று சமூகவியலாளர் ரொனால்ட் டோர் 1976-லேயே எழுதினார்.

இந்தக் கூட்டத்தைப் பார்த்து, அரசு வேலை மோகம் என்று பலர் எளிதாக ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குரூப் 4 தேர்வில் நேர்காணல் கிடையாது. அப்பா என்ன செய்கிறார் என்று கேட்க எதிரே யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. விடைத்தாளில் நிரப்பிய வட்டங்கள் மட்டுமே பேசும். இடஒதுக்கீடு உண்டு; தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. பெண்களுக்கு ஊதியத்தோடு பேறுகால விடுப்பு உண்டு. திருமணம் ஆனதும் வேலை போய்விடுமோ என்ற பயம் இல்லை. தனியார் வேலைச் சந்தை தங்களை எப்படி நடத்தும் என்பதை உணர்ந்த முதல் தலைமுறைப் பட்டதாரிகள், எண்ணிப் பார்த்து எடுக்கும் முடிவு இது. அவர்களுக்கு நாம் தர வேண்டியது ஏளனமோ, வெறும் ஊக்கப் பேச்சோ அல்ல, கணக்கு. எத்தனை ஆண்டு முயல்வது? பயிற்சி மையத்துக்கும் தங்குமிடத்துக்கும் ஆகும் செலவு என்ன? அந்த ஆண்டுகளில் வேறு வேலைக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும் வருமானமும் அனுபவமும் எவ்வளவு? வீட்டில் தங்கையின் படிப்பு இதனால் நிற்குமா? ‘வாய்ப்புச் செலவு’ என்று பாடநூலில் இரண்டு வரியில் வரும் கருத்துக்கு, மாவட்ட மைய நூலகத்தில் காலை முதல் இரவுவரை உட்கார்ந்து படிக்கும் இளைஞரைவிட நல்ல எடுத்துக்காட்டு ஏது? அவரும் அந்த வகுப்பில் இருந்தவர்தான். அவர் அங்கே போவதற்கு முன்பே இந்தக் கணக்கைக் கல்லூரியில் போட்டிருக்க வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்கப்படாமல் போகிறது. வேலை என்றால் என்னவென்று தெரியாத பிள்ளைகளுக்கு நாம் வேலையைக் கற்றுத்தரப் போகிறோம் என்ற எண்ணமே தவறு. அரசுக் கல்லூரிகளின் சுழற்சி முறையில், காலையில் படித்துவிட்டு மதியம் ஜவுளிக் கடைக்கும், மாலையில் உணவு விநியோகத்துக்கும், முகூர்த்த நாட்களில் கேட்டரிங்குக்கும் போகும் மாணவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். கடையில் பத்து மணி நேரம் நின்றவருக்கு, 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கியது தெரியுமா? தெரிந்தால், அவர் நிற்கும் கடையில் அந்த இருக்கை இருக்கிறதா, இருந்தால் அதில் உட்கார முடிகிறதா? தொழிலாளர் சட்டம் பற்றிய பாடத்துக்கு இதைவிட நெருக்கமான சாட்சியம் கிடைக்காது. ஆனால் அந்த மாணவர் தன் வேலையைப் பற்றி வகுப்பில் வாய்திறப்பதில்லை, ரெஸ்யூமிலும் எழுதுவதில்லை. வெட்கம். பண்டிகைக் கூட்டத்தில் ஒரே நேரத்தில் ஐந்து குடும்பங்களைச் சமாளித்தவர், ‘அனுபவம்: இல்லை’ என்று எழுதிக் கொடுக்கிறார். அந்த வெட்கம் எங்கிருந்து வந்தது என்று ஆராய்வதும் சமூகவியல். அந்த அனுபவத்தை எப்படி எழுதுவது என்று காட்டுவது வழிகாட்டல். இரண்டையும் ஒரே மணி நேரத்தில் செய்ய முடியும்.

சம்பளச் சீட்டைப் படிக்கக் கற்றுத்தருவதும் இதில் சேரும். மாதம் 18,000 என்று விளம்பரத்தில் போட்ட சம்பளம் கைக்கு வரும்போது எவ்வளவு? பி.எஃப். பிடித்தம் 12 சதவீதம் என்றால் எதில் 12 சதவீதம்? 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு என்பது தெரியுமா? ‘இன்சென்டிவ்’ என்ற சொல்லுக்குப் பின்னால் எவ்வளவு ‘டார்கெட்’ இருக்கிறது? அசல் சான்றிதழைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும் நிறுவனத்திடம் என்ன சொல்வது? 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்குகின்றன; ஆனால் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வரியை நம்பி ஊர்விட்டு ஊர் போய் வேலைக்குச் சேரும் பட்டதாரிகள் இன்னும் இருக்கிறார்கள். 2022-ல் தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துச் செல்லப்பட்ட தமிழ் இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் அடைபட்டதும், அரசுகள் தலையிட்டு மீட்டுக் கொண்டுவந்ததும் நினைவிருக்கும். வேலை விளம்பரத்தைச் சந்தேகத்தோடு படிப்பது சில நேரங்களில் உயிரைக் காக்கும் அறிவு.

பெண்களின் வேலை பற்றிய எண்களைப் படிக்க இன்னும் கூர்மை வேண்டும். தேசிய உழைப்புப் படைக் கணக்கெடுப்பின்படி 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் உழைப்புப் பங்கேற்பு 2017-18-ல் 23.3 சதவீதம், 2023-24-ல் 41.7 சதவீதம். ஆறு ஆண்டுகளில் இவ்வளவு ஏற்றமா என்று வியக்கும்போதே அடுத்த அட்டவணையையும் புரட்ட வேண்டும். வேலை செய்யும் பெண்களில் சுயதொழில் செய்வோர் பங்கு அதே காலத்தில் ஏறக்குறைய 52-லிருந்து 67 சதவீதமாகியிருக்கிறது. குடும்பத்தின் வயலிலோ கடையிலோ ஊதியமின்றிக் கைகொடுக்கும் பெண்ணும் இதற்குள் அடக்கம். அதே கணக்கெடுப்பின் வாராந்திர அளவீட்டில், ஏழு நாட்களில் ஏதாவது ஒரு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்தவரும் வேலையில் இருப்பவராகவே எண்ணப்படுகிறார். இதை அறிந்த மாணவி, செய்தித் தலைப்பைப் பார்த்து மகிழவும் மாட்டார், சோரவும் மாட்டார், பக்கத்தைத் திருப்புவார். தனக்கு வேலை கிடைப்பதில் தன் ஆங்கிலத்துக்கு இருக்கும் பங்கு எவ்வளவு, பாதுகாப்பான விடுதிக்கும் இரவு எட்டு மணிக்கு வரும் பேருந்துக்கும் இருக்கும் பங்கு எவ்வளவு என்றும் கேட்பார்.

பேருந்து என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மகளிர் கட்டணமில்லாப் பயணத்தால் பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று அரசு மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வில் வந்த எண் அது. பயணம் செய்யும் பெண்களிடம் யாரோ போய்க் கேட்டு, குறித்து, கூட்டி, எழுதியதால் வந்தது. அதுதான் சமூக அறிவியல் வேலை. அந்தக் குழுவின் துணைத் தலைவராக 2021-ல் பொறுப்பேற்ற ஜெ. ஜெயரஞ்சன், அதற்கு முன்பு ஜான் ஹாரிஸ், கே. நாகராஜ் இருவரோடும் சேர்ந்து இருவேல்பட்டு என்ற கிராமத்தை ஆராய்ந்தவர். அந்தக் கிராமம் அவர்களுக்கு எங்கிருந்து கிடைத்தது என்பது நம் கல்லூரிகள் மறந்துவிட்ட ஒரு கதை.

1915-ன் இறுதியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்தார் கில்பர்ட் ஸ்லேட்டர். இங்கிலாந்துப் பாடநூலை வைத்து இந்தியப் பொருளாதாரத்தை நடத்த முடியாது என்று கண்டுகொண்டவர், மாணவர்களிடம் வினாநிரலைக் கொடுத்து, விடுமுறையில் அவரவர் சொந்த ஊருக்குப் போய் விசாரித்து எழுதிவரச் சொன்னார். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, என்ன சாப்பிடுகிறார்கள் என்று 1916-ல் மாணவர்கள் கேட்டு எழுதியவை 1918-ல் தென்னிந்தியக் கிராமங்கள் பற்றிய நூலாக வந்தன. தென்னாற்காட்டு இருவேல்பட்டு, வடாற்காட்டுத் தூசி, நெல்லைச் சீமையின் கங்கைகொண்டான் எல்லாம் அப்படித்தான் பொருளியல் வரலாற்றில் இடம்பிடித்தன. 1930-களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே கிராமங்களுக்குத் திரும்பப் போனார்கள். பிறகும் பலர் போனார்கள், சென்னை வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தின் (எம்.ஐ.டி.எஸ்.) ஆய்வாளர்கள் 1980-களில் தூசியை மறு ஆய்வு செய்தார்கள். 2008-ல் ஜெயரஞ்சன் குழு இருவேல்பட்டில் கேட்ட கேள்விகளுக்கு, தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி மாணவர் எழுதிய பதில்கள் ஒப்பிடக் கிடைத்தன. இளங்கலை மாணவரின் விடுமுறை வேலை ஒரு நூற்றாண்டுக்குச் சான்றாதாரமாக நின்றிருக்கிறது.

கங்கைகொண்டானில் இன்று சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. நெல்லையில் பொருளியல் படிக்கும் மாணவர்கள் அங்கே போய், உள்ளூர்க்காரர்களில் எத்தனை பேருக்கு அங்கே வேலை, யார் நிரந்தரம், யார் ஒப்பந்தம், எந்தப் படிப்புக்கு எந்த வேலை, பெண்களுக்கு எது என்று ஸ்லேட்டரின் மாணவர்களைப் போல் கேட்டு எழுதினால், அது பாடமும் ஆகும், வழிகாட்டலும் ஆகும். ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், திருப்பூர் அருகிலுள்ள கல்லூரிகளுக்கும் இதே வாய்ப்பு வாசலிலேயே இருக்கிறது.

அதைவிட எளிதாக, நாளைக்கே தொடங்கக்கூடியது ஒன்றைச் சொல்கிறேன். மூன்றாம் ஆண்டு ஆய்வுத் திட்டமாக, துறையின் பழைய மாணவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கட்டும். ஐந்து ஆண்டுக்கு முன் படித்த வகுப்பு ஒன்று, பத்து ஆண்டுக்கு முன் படித்த வகுப்பு ஒன்று. வருகைப் பதிவேட்டில் இருந்த அத்தனை பேரும் இப்போது எங்கே இருக்கிறார்கள்? முதல் வேலை எப்படிக் கிடைத்தது, யார் சொல்லி? எத்தனை வேலை மாறினார்கள்? வேலையை விட்டவர்கள் ஏன் விட்டார்கள்? படித்ததில் எது கைகொடுத்தது? திருமணத்துக்குப் பின் பெண்களுக்கு என்ன ஆனது?

இதில் கவனம் தேவைப்படும் இடங்கள் உண்டு. பழைய மாணவர் கூட்டத்துக்கு வந்து மாலை வாங்கிக்கொள்பவர்கள் வென்றவர்கள்தான். அவர்களை மட்டும் கேட்டால் கிடைப்பது பொய்யான படம். தொலைபேசியை எடுக்காதவர்களின் கதைதான் பெரும்பாலும் முக்கியமானது. அவர்களை எப்படி அணுகுவது, சொல்ல விரும்பாததைத் தோண்டாமல் எப்படிக் கேட்பது, பெயரை எப்படி மறைப்பது, சம்பளத்தை எப்படி நாகரிகமாகக் கேட்பது என்பதெல்லாம் ஆராய்ச்சி அறத்தின் பாடங்கள். இவற்றைச் செய்து முடித்த மாணவருக்கு வினாநிரல் தயாரிக்கத் தெரியும். முன்பின் தெரியாதவரிடம் பேசத் தெரியும். விவரங்களை எக்செல்லில் தொகுக்கவும், பத்துப் பக்க அறிக்கை எழுதவும், பத்துப் பேர் முன் நின்று அதை விளக்கவும் தெரியும். நேர்காணலில் உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டால், எடுத்து மேசையில் வைக்க ஓர் அறிக்கை கையில் இருக்கும்.

அதைவிடப் பெரிய பயன் அந்தப் பேச்சுகளிலேயே இருக்கிறது. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், அமெரிக்காவின் நியூட்டன் நகரத்தில் வேலை மாறியவர்களிடம் செய்த ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு அந்தத் தகவலைத் தந்தது நெருங்கிய நண்பர் அல்ல. எப்போதாவது பார்க்கும் ஒருவர். அடிக்கடி பார்த்துப் பழகியவர் மூலம் வேலை பெற்றவர்கள் ஆறில் ஒரு பங்கினர் மட்டுமே. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்துப் பழக்கம்தான் புதிய தகவலைக் கொண்டுவருகிறது. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அப்பாவின் நண்பர், சித்தப்பாவின் மேலதிகாரி என்று இந்தத் தூரத்துப் பழக்கங்கள் பிறக்கும்போதே கிடைத்துவிடுகின்றன. திருத்துறைப்பூண்டியிலிருந்தோ அரூரிலிருந்தோ வரும் விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளைக்கு அப்படி யாரும் இல்லை. அவருக்கு அந்தப் பழக்கங்களை உருவாக்கித் தரக்கூடிய ஒரே இடம் அவர் படிக்கும் துறை. எண்பது பழைய மாணவர்களிடம் பேசிய வகுப்புக்கு எண்பது கதவுகளின் முகவரி தெரிந்திருக்கும்.

இந்தத் தேடலில் வேலைகளின் உண்மையான வரைபடமும் கிடைக்கும். நிறுவனங்கள் சட்டம் 2013, பெரிய நிறுவனங்கள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அதில் பெரிய திட்டங்களின் விளைவை மதிப்பிடுவதும் கட்டாயம். குழந்தைகள் பாதுகாப்பு அலகுகள், பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்கள், ஊராட்சிச் சமூகத் தணிக்கை, மகளிர் திட்டம், தொல்லியல் துறையின் அகழாய்வுகள், எழும்பூர் ஆவணக் காப்பகம் என்று சமூக அறிவியல் படித்தவர்களின் கை தேவைப்படும் இடங்கள் பல. அங்கே இருக்கும் வேலைகளில் கணிசமானவை ஒப்பந்த வேலைகள், ஊதியம் குறைவு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குழந்தைகளைக் காக்கும் பணியை ஓர் அரசு ஏன் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் வைத்திருக்கிறது என்ற கேள்வியோடு அந்த வேலைக்குப் போகிறவர், அதைத் தெரியாமல் போகிறவரைவிட நன்றாக வேலை செய்வார், சங்கத்திலும் சேர்வார்.

இதையெல்லாம் நடத்தப்போவது யார் என்று கேட்டால், அரசுக் கல்லூரிகளில் பெருமளவு பாடச் சுமையைச் சுமக்கும் கௌரவ விரிவுரையாளர்கள்தான். முனைவர் பட்டமோ நெட் தேர்ச்சியோ கொண்டு, நிரந்தரப் பணிக்காகப் பல ஆண்டுகளாகக் காத்திருப்பவர்கள் அவர்களில் பலர். படிப்புக்கும் வேலைக்கும் உள்ள இடைவெளியைத் தன் வாழ்க்கையில் சுமக்கும் ஆசிரியரிடம், எந்த மணி நேரமும் ஒதுக்காமல் இன்னொரு பொறுப்பைக் கொடுப்பது நியாயமல்ல. பாடத்திட்டக் குழுக்கள் இதை ‘மதிப்புக் கூட்டு’ வகுப்பாக ஓரத்தில் ஒட்டாமல், ஐந்தாம் அல்லது ஆறாம் பருவத்தில் கிரெடிட் உள்ள முழுத் தாளாக, களப்பணிக்கான நேரத்தோடும் பயணச் செலவோடும் சேர்க்க வேண்டும். ‘நான் முதல்வன்’ திட்டத்தின் பயிற்சி மணி நேரங்களில் ஒரு பகுதியைத் துறைகளே நடத்திக்கொள்ள அரசு அனுமதித்தால் தனியாகப் பணம் தேடவும் வேண்டியதில்லை.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் ‘நாக்’ குழு வரும்போது எத்தனை சதவீதம் பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று கல்லூரி எண் கொடுக்கிறது. சேர்ந்த வேலையில் ஓராண்டு கழித்து எத்தனை பேர் நிலைத்தார்கள், எவ்வளவு சம்பளத்தில், பெண்கள் எத்தனை பேர் என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. ஒவ்வொரு துறையும் தன் மாணவர்களின் கைகளாலேயே திரட்டிய அந்த விவரத்தை ஆண்டுதோறும் கல்லூரி இணையதளத்தில் பெயர்கள் இல்லாமல் வெளியிடட்டும். பிளஸ் டூ முடித்து மே மாதத்தில் எந்தப் பாடத்தில் சேர்வது என்று அலையும் பெற்றோரும் பிள்ளைகளும் முதலில் பார்க்க வேண்டிய பக்கம் அது. வரும் கல்வியாண்டில் ஒரு பல்கலைக்கழகம், தன் கீழுள்ள கல்லூரிகளின் சமூகவியல், பொருளியல் துறைகளில் மட்டுமாவது இதைத் தொடங்கலாம். அதைத் தொடங்கத் தேவையான பெயர்கள் அந்தத் துறைகளின் பழைய வருகைப் பதிவேடுகளில் ஏற்கெனவே இருக்கின்றன.